விரிகுடாக்கள்: பெயரை நம்பினால் ஏமாந்துபோவீர்கள்

பதிவு 1 | வெறுங்கால் மாலுமி

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா நடத்தித் தருகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தலைப்பையும் நானே சொல்லித் தொலைத்தேன்: உலகின் விரிகுடாக்கள். கையில் இரண்டு வாரம்தான். இருபது கேள்வி தேற வேண்டும்.

முதல் கேள்வியிலேயே வீட்டில் தகராறு. "உலகின் மிகப் பெரிய விரிகுடா எது?" என்று எழுதி, பக்கத்தில் "வங்காள விரிகுடா" என்று குறித்திருந்தேன். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு "ஹட்சன் விரிகுடா என்றல்லவா நான் படித்தேன்" என்றாள். யார் சொல்வது சரி?

தேடிக்கொண்டிருந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. விரிகுடாக்களின் பெயர்களில் நிறைய, யாரோ ஒரு மாலுமி அன்றைக்குச் செய்த தப்பு. இல்லையென்றால் அவருக்கு அன்றைக்கு இருந்த எரிச்சல். 1502 ஜனவரியில் போர்த்துகீசியக் கப்பல்கள் குவானபாரா விரிகுடாவின் வாய்க்கு வந்தன. இது பெரிய ஆற்றின் முகத்துவாரம் என்று நினைத்து "ஜனவரி ஆறு" என்று பெயர் வைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ரியோ டி ஜெனீரோ என்றால் அதுதான் பொருள். ஊர் வளர்ந்து மாநகரமாகிவிட்டது, அந்த ஆற்றை மட்டும் இன்னும் காணோம்.

தென்னாப்பிரிக்காவில் "பொய் விரிகுடா" என்றே ஒன்று உண்டு, ஃபால்ஸ் பே. கிழக்கிலிருந்து திரும்பும் கப்பல்கள் ஹேங்க்ளிப் முனையைப் பார்த்ததும் கேப் முனை வந்துவிட்டது என்று வடக்கே திரும்பிவிடுமாம். டேபிள் விரிகுடாவுக்குப் போக வேண்டியவர்கள் இதற்குள் வந்து முழிப்பார்கள். ஏமாந்த கோபத்தில் வைத்த பெயர் போல.

இப்படிப்பட்டவை உங்களிடம் இருந்தால் கொட்டுங்கள். நீளம், அகலம், ஆழம் என்று அட்டவணை மட்டும் வேண்டாம், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

பதிவு 2 | மீன்முள்

பன்றிகள் விரிகுடா! கியூபா, 1961 ஏப்ரல். அமெரிக்காவின் கென்னடி அரசு அனுப்பிய படை மூன்றே நாளில் தோற்றுப்போன இடம். பன்றிக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. கியூபாவில் "கொச்சினோ" என்பது அங்கே திரியும் ஒரு மீன் இனத்துக்கும் பெயர். விரிகுடாவின் பெயர் அந்த மீனிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மீன் என்று மொழிபெயர்த்திருந்தால் அந்தத் தோல்விக்கு இவ்வளவு கேலி கிடைத்திருக்காது.

பதிவு 3 | குறுக்குச்சால்

மாலுமி அண்ணா, முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தங்கையும் சரி, நீங்களும் சரி. பரப்பளவைப் பார்த்தால் வங்காள விரிகுடா, சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர். ஹட்சன் அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட, 12.3 லட்சம். ஆனால் கரையின் நீளத்தை அளந்தால் ஹட்சன் முந்திவிடும், 12,000 கிலோமீட்டருக்கு மேல். அதன் கரை அவ்வளவு நெளிவு சுளிவு. எதை வைத்துப் பெரியது என்று சொல்லாத கேள்வி தப்பான கேள்வி. அடித்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வி நான் கேட்கிறேன். விரிகுடாவுக்கும் வளைகுடாவுக்கும் என்ன வித்தியாசம்? வாய் அகலமாக விரிந்திருந்தால் விரிகுடா, உள்வாங்கி வளைந்திருந்தால் வளைகுடா என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் ஹட்சனுக்கு வாயே கிட்டத்தட்ட இல்லை. நீரிணை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அது எப்படி விரிகுடா ஆனது?

பதிவு 4 | பழைய அட்லஸ்

தம்பி குறுக்குச்சால், அந்த வித்தியாசத்தைக் கறாராகத் தேடினால் கிடைக்காது. முதலில் வரைபடம் போட்டவன் எப்படி எழுதினானோ அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு வந்தவர்கள் அதை மொழிபெயர்த்தார்கள், நாமும்தான்.

கறாரான இலக்கணம் வேண்டும் என்றால் சட்டத்தில் இருக்கிறது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, பிரிவு 10. கரை உள்வாங்கியிருக்கும் இடத்தின் வாயில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேர்கோடு போடு. அந்தக் கோட்டை விட்டமாக வைத்து ஓர் அரைவட்டம் வரை. உள்ளே இருக்கும் நீர்ப்பரப்பு அந்த அரைவட்டத்துக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் அது விரிகுடா. குறைந்தால் கரை சும்மா வளைந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒரு தாளும் காம்பஸும் போதும், உங்கள் பிள்ளைகளே செய்து பார்க்கலாம்.

அப்புறம், வாய் 24 கடல் மைலுக்குள் இருந்தால் உள்ளே இருக்கும் நீர் முழுவதும் அந்த நாட்டின் உள்நாட்டு நீர், குளம் குட்டை மாதிரி. அதைவிட அகலம் என்றால் 24 மைல் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். "வரலாற்று விரிகுடா", அதாவது நெடுங்காலமாக ஒரு நாடு தன்னுடையது என்று வைத்திருப்பது, என்று ஒரு விதிவிலக்கும் உண்டு. ஹட்சனைக் கனடா அப்படித்தான் சொந்தம் கொண்டாடுகிறது. 1973இல் லிபியா சித்ரா வளைகுடா மொத்தத்தையும் தன் உள்நாட்டு நீர் என்று அறிவித்து, அதை அமெரிக்கா ஏற்காமல், வானில் சண்டை வரைக்கும் போனது.

இந்த உடன்படிக்கை 1982 டிசம்பர் 10 அன்று எங்கே கையெழுத்தானது தெரியுமா? ஜமைக்காவின் மான்டேகோ பே நகரத்தில். விரிகுடாவுக்கு இலக்கணம் சொன்ன சட்டம், விரிகுடாவின் பெயர் கொண்ட ஊரில் கையெழுத்தானது. மாலுமி, இதைப் பத்தாவது கேள்வியாக வைத்துக்கொள்ளும். அந்த "மான்டேகோ" என்பது பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து திரிந்தது என்று சொல்வார்கள். அந்தக் கரையிலிருந்து ஒரு காலத்தில் கொழுப்பு ஏற்றுமதி ஆனதாம்.

பதிவு 5 | மீன்முள்

அட்லஸ் ஐயா, நான் சொன்ன பன்றி விரிகுடாவில் பன்றி இல்லை, நீங்கள் சொன்னதில் இருக்கிறது. கணக்கு நேராகிவிட்டது.

பதிவு 6 | குறுக்குச்சால்

ஒரு சின்னத் திருத்தம், ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பிரிவு ஒரே நாட்டின் கரை சூழ்ந்த விரிகுடாக்களுக்கு மட்டும்தான். வங்காள விரிகுடாவைச் சுற்றிப் பல நாடுகள். ஆக, உலகின் மிகப் பெரிய விரிகுடா, விரிகுடாவுக்கான சட்டத்தின் கீழேயே வராது.

பதிவு 7 | பழைய அட்லஸ்

கோபமென்ன, அதைச் சொல்லத்தான் வந்தேன், முந்திக்கொண்டீர்.

பதிவு 8 | ஓதக்காரி

இவ்வளவு பேசியும் ஃபண்டி விரிகுடாவை யாரும் தொடவில்லையே! கனடாவின் கிழக்குக் கரை. உலகிலேயே உயர்ந்த ஓதம், அதாவது கடல் நீர் ஏறி வற்றுவது, அங்கேதான். மினாஸ் படுகையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும், ஐந்து மாடி உயரம். காலையில் படகு கட்டியிருந்த இடத்தில் ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும். ஹோப்வெல் பாறைகளைச் சுற்றித் தரையில் நடந்து போகலாம், அதே பாறைகளைச் சுற்றி அன்றைக்கே படகும் ஓட்டலாம்.

ஏன் அங்கே மட்டும் இவ்வளவு என்றால், ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலுக்கு என்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் லேசாகத் தள்ளினாலே மேலே மேலே போகும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் எழும்பாது. ஃபண்டியும் அதற்கு வெளியே இருக்கும் மேய்ன் வளைகுடாவும் சேர்ந்த தொட்டியில் நீர் ஒரு தரம் போய்த் திரும்பி வர ஏறத்தாழ 13 மணி நேரம். கடலின் ஓதம் தள்ளுவது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு தரம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தாளம். ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு விரிகுடா உள்ளே போகப் போகக் குறுகியும் மேடாகியும் வருகிறது. நீருக்கு வேறு வழி இல்லை, மேலேதான் ஏறியாக வேண்டும்.

மாலுமி அண்ணா, பிள்ளைகளுக்கு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி ஆட்டிக் காட்டுங்கள். சரியான வேகத்தில் ஆட்டினால் வழிந்து சட்டை நனையும். நான் வகுப்பில் செய்து நனைந்திருக்கிறேன்.

பதிவு 9 | குறுக்குச்சால்

அக்கா, "உலகிலேயே உயர்ந்த" என்பதில் ஒரு பங்காளி உண்டு. அதே கனடாவில், வடக்கே உங்காவா விரிகுடாவின் ஓரத்தில் லீஃப் படுகை. அங்கேயும் 16 மீட்டர் கணக்குதான். அளவீட்டில் வரக்கூடிய பிழையைக் கழித்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, சமம் என்று கனடாவின் நீரளவைத் துறையே சொல்லிவிட்டது. ஃபண்டி ஊருக்குப் பக்கம், போய்ப் பார்க்கலாம். உங்காவாவுக்குச் சாலையே கிடையாது. புகழ் எப்போதும் சாலை இருக்கும் பக்கம் போகும்.

பதிவு 10 | ஓதக்காரி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபண்டிக்கு ஒரு கதை கூட இருக்கிறது, அது உங்காவாவிடம் இல்லை.

1868 நவம்பரில் சாக்ஸ்பி என்ற பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் லண்டன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி நிலவு பூமிக்கு மிக அருகில் வருகிறது, சூரியனும் நிலவும் ஒரே திசையில் சேர்ந்து இழுக்கும், அதனால் ஓதம் மிகக் கடுமையாக இருக்கும் என்று. எந்த ஊரில் என்று சொல்லவில்லை. சொல்லி வைத்தாற்போல 1869 அக்டோபர் 4ஆம் தேதி இரவு, 5 பிறக்கும் நேரத்தில், ஒரு பெரும் புயல் ஃபண்டிக்குள் ஏறியது. உச்ச ஓதமும் புயலும் ஒரே வேளை. அணைக்கரைகளைத் தாண்டித் தண்ணீர் வயல்களுக்குள் போய்விட்டது. இன்றைக்கும் அதற்குச் சாக்ஸ்பி புயல் என்றுதான் பெயர்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கவனம்: ஓதத்தை அவர் கணக்குப் போட்டுச் சொன்னார், அது வானியல். புயல் அன்றைக்கு வந்தது தற்செயல். கணக்கும் அதிர்ஷ்டமும் ஒரே நாளில் கூடியதால் மனிதர் தீர்க்கதரிசி ஆகிவிட்டார்.

பதிவு 11 | நிலாமுற்றம்

புயல் என்றதும் வங்காள விரிகுடாவைச் சொல்லாமல் போக முடியாது. 1970 நவம்பர் 12, போலா புயல். இறந்தவர்கள் குறைந்தது மூன்று லட்சம் பேர். வரலாற்றில் பதிவான வெப்பமண்டலப் புயல்களில் இவ்வளவு உயிரைக் குடித்தது வேறில்லை.

காரணம் காற்று மட்டும் இல்லை, விரிகுடாவின் உருவம். வடக்கே போகப் போக அது புனல் மாதிரி ஒடுங்குகிறது. தலைப்பகுதியில் கடல் ஆழமே இல்லை, கரையும் தட்டை. தள்ளிக்கொண்டு வரும் நீர் குவிந்து ஏறுவதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. இன்னொன்று: கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி என்று பெரிய ஆறுகளெல்லாம் இங்கே நன்னீரைக் கொட்டுகின்றன. நன்னீர் எடை குறைவு, உப்பு நீரின் மேல் போர்வை போலப் படுத்துக்கொள்கிறது. அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் எளிதாக மேலே வந்து கலக்க முடியாது. மேல்பரப்பு சூடாகவே இருக்கும். புயலுக்கு அதுதான் தீனி.

கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த மண் கடலடியில் விசிறி போலப் படிந்திருக்கிறது. நீளம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி. இமயமலையின் கரைந்த பாதியெல்லாம் அங்கேதான் கிடக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பதிவு 12 | புதுசு

வணக்கம், இங்கே எனக்கு முதல் பதிவு. அலாஸ்காவில் லிட்டுயா விரிகுடாவில் 524 மீட்டர் உயர அலை எழுந்தது என்று படித்தேன். இது உண்மையா? ஈபிள் கோபுரமே 330 மீட்டர்தானே?

பதிவு 13 | குறுக்குச்சால்

வாருங்கள் புதுசு. எண் சரி, "உயர அலை" என்பதுதான் சரியில்லை. 524 மீட்டர் என்பது எதிர்ச் சரிவில் நீர் ஏறித் தொட்ட உயரம். அவ்வளவு உயரச் சுவராக அலை நின்றது என்று அர்த்தம் இல்லை. தொட்டிக்குள் பாறையைப் போட்டால் எதிர்ச் சுவரில் தண்ணீர் தெறித்து ஏறும் அல்லவா, அது.

1958 ஜூலை 9, இரவு பத்தே கால் மணி வாக்கில் 7.8 அளவு நிலநடுக்கம். விரிகுடாவின் தலைமாட்டில் செங்குத்துச் சரிவிலிருந்து சுமார் மூன்று கோடி கன மீட்டர் பாறை மொத்தமாகத் தண்ணீருக்குள் விழுந்தது. எதிர்ப்பக்கத்து மலையில் மரங்கள் வேரோடு போயின, மண் கூட மிஞ்சவில்லை, வெறும் பாறை. அந்தக் கோட்டை இன்றைக்கும் பார்க்கலாம். கோட்டுக்கு மேலே முதிர்ந்த காடு, கீழே பிறகு முளைத்த இளங்காடு. நிறமே வேறு.

அப்போது உள்ளே மூன்று மீன்பிடிப் படகுகள் நங்கூரம் போட்டிருந்தன. ஒன்றில் ஒரு தகப்பனும் ஏழெட்டு வயது மகனும். அலை வருவதைப் பார்த்து நங்கூரத்தை இழுத்தார், வரவில்லை. சங்கிலியை முழுக்க விட்டுக்கொடுத்தார். அலை தூக்கியபோது சங்கிலி அறுந்தது, படகு கரை இருந்த இடத்துக்கு மேலே போய், அலையோடு திரும்பி விரிகுடாவுக்கே வந்துவிட்டது. இருவரும் பிழைத்தார்கள். இரண்டாவது படகை அலை வாயிலில் இருந்த மணல் திட்டைத் தாண்டிக் கடலுக்குள்ளேயே தூக்கிப்போட்டது. அதிலிருந்த தம்பதி கீழே மரங்களின் உச்சியைப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார்கள். படகு மூழ்கியது, சிறு தோணியில் தப்பினார்கள். மூன்றாவது படகும் அதில் இருந்த இருவரும் போனது போனதுதான்.

பதிவு 14 | புதுசு

கீழே மரங்களின் உச்சி! இதைப் படித்துவிட்டு எப்படித் தூங்குவது?

பதிவு 15 | பழைய அட்லஸ்

லிட்டுயாவுக்கு அதற்கு முன்னாலும் ஒரு கணக்கு உண்டு. 1786 ஜூலையில் பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ் இரண்டு கப்பல்களோடு அங்கே வந்தார். இப்படி ஒரு பத்திரமான துறைமுகமா என்று வியந்து "பிரெஞ்சுக்காரர் துறைமுகம்" என்று பெயர் வைத்தார். ஆழம் அளக்கப் போன படகுகளை ஜூலை 13 அன்று வாயிலின் நீரோட்டம் இழுத்துக்கொண்டது. 21 பேர் போனார்கள், ஒரு உடல் கூடக் கிடைக்கவில்லை. நடுவில் இருக்கும் தீவில் நினைவுச் சின்னம் வைத்துவிட்டுக் கிளம்பினார். அந்தத் தீவுக்கு இன்றும் "வெற்றுக் கல்லறைத் தீவு" என்ற பொருளில்தான் பெயர்.

அவரே 1788 ஜனவரி இறுதியில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் தலைகாட்டினார். அங்கே பார்த்தால் பிரிட்டனின் கைதிக் கப்பல்கள், பதினோரு கப்பல்கள் கொண்ட முதல் தொகுதி, சில நாள் முன்னால்தான் வந்து இறங்கி, இடம் சரியில்லை என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் 1770இல் வந்தபோது முதலில் அந்த இடத்துக்குத் திருக்கை மீனின் பெயரைத்தான் வைத்தார். பிறகு உடன் வந்த தாவரவியலாளர்கள் கட்டுக் கட்டாகச் செடி சேர்த்ததைப் பார்த்து "தாவரவியல் விரிகுடா" என்று மாற்றினார். அந்தப் பெயரைக் கேட்டு, செடி கொடி செழிக்கும் மண் என்று நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது ஆழமில்லாத கடலும் நல்ல தண்ணீர் இல்லாத கரையும். வடக்கே சிட்னி துறைமுகத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகும் நாடு கடத்தப்படுவதற்கு இங்கிலாந்தில் "பாட்டனி பே" என்றே பேராகிவிட்டது.

லா பெரூஸ் மார்ச்சில் பாட்டனி விரிகுடாவை விட்டுப் புறப்பட்டார். அதன் பிறகு எந்த ஐரோப்பியரும் அவரைப் பார்க்கவில்லை. கப்பல்கள் பசிபிக் கடலின் வனிகோரோ தீவில் உடைந்துபோனது தெரியவர ஏறத்தாழ நாற்பது வருடம் ஆனது.

பதிவு 16 | வெறுங்கால் மாலுமி

ஐயா, இது கேள்வி இல்லை, ஒரு நாவல். "எந்த மாலுமி ஒரு விரிகுடாவில் 21 பேரை இழந்து, இன்னொரு விரிகுடாவில் கடைசியாகக் காணப்பட்டார்?" என்று சுருக்கிவிட்டேன்.

குக் என்றதும் எனக்கும் ஒன்று. 1769இல் நியூசிலாந்தில் முதலில் இறங்கிய இடத்தில் அவருக்கு வேண்டிய உணவும் பொருளும் கிடைக்கவில்லை. அங்கே வாழ்ந்த மாவோரி மக்களோடு மோதல், அவர்களில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கோபத்தில் "வறுமை விரிகுடா" என்று எழுதிவிட்டார். சில வாரம் கழித்து வேறோர் இடத்தில் நன்றாகக் கிடைத்தது, அதற்கு "வளமை விரிகுடா". வறுமை என்று பெயர் வாங்கிய இடம் இன்றைக்குத் திராட்சைத் தோட்டமும் பழத்தோட்டமுமாக இருக்கிறது. ஒரு மனிதருக்கு ஒரு நாள் சோறு கிடைக்காததற்கு அந்த ஊர் 250 வருடம் கெட்ட பேர் சுமந்தது.

பதிவு 17 | நிலாமுற்றம்

ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையை வரைபடத்தில் பாருங்கள். காம்பஸ் வைத்து வரைந்தாற்போல ஒரு வில். விண்கல் விழுந்த குழிதானே?

பதிவு 18 | ஓதக்காரி

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், நிலா. விஞ்ஞானிகளுக்கும் தோன்றி, போய்த் தோண்டித் துருவினார்கள். விண்கல் விழுந்தால் பாறையில் அதிர்ச்சித் தழும்புகள் இருக்க வேண்டும், எதுவும் அகப்படவில்லை.

இதற்கு நேர்மாறு அமெரிக்காவின் செசபீக் விரிகுடா. வரைபடத்தில் கிளை கிளையாக, வட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத உருவம். கடல் மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. ஆனால் அதன் தெற்குப் பகுதிக்கு அடியில், வண்டலுக்குக் கீழே, 85 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு விண்கல் குழி புதைந்து கிடக்கிறது. வயது சுமார் மூன்றரைக் கோடி ஆண்டு. அப்படி ஒன்று இருப்பது உறுதியானது 1990களில்தான். குழி மாதிரி இருப்பது குழி இல்லை, இல்லாதது குழி.

ஹட்சனில் இன்னொரு விசித்திரம்: அந்தப் பகுதியில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு. பனியுகத்தில் சுமார் மூன்று கிலோமீட்டர் தடிப்புள்ள பனித்தகடு அங்கே உட்கார்ந்து தரையை அமுக்கியது. பனி உருகி ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகியும் தரை முழுக்க நிமிரவில்லை, இன்னும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் எழும்பிக்கொண்டிருக்கிறது. மெத்தையிலிருந்து எழுந்த பிறகும் குழி சில நொடி நிற்குமே, அதுபோல. ஈர்ப்புக் குறைவுக்கு இது ஒரு பங்கு, மிச்சம் பூமியின் ஆழத்தில் நடக்கும் ஓட்டத்தால். உங்கள் எடை அங்கே குறையுமா என்று கேட்காதீர்கள், எந்தத் தராசிலும் தெரியாது.

பதிவு 19 | மீன்முள்

கேட்கத்தான் வந்தேன்.

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். அலபாமாவில் மொபைல் விரிகுடா. கோடையில் சில நாள், விடியலுக்கு முன், கிழக்கிலிருந்து மெல்லிய காற்று, கடல் ஏறிக்கொண்டிருக்கும் நேரம். அடி நீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோய் தட்டை மீன், நண்டு, இறால் எல்லாம் மூச்சு முட்டிக் கரையோரம் வந்து குவியும். சாகவில்லை, மயங்கிக் கிடக்கும். கணுக்கால் தண்ணீரில் நின்று கூடையில் அள்ள வேண்டியதுதான். முதலில் பார்த்தவர் "ஜூபிலி!" என்று கத்துவார், தெரு முழுக்க விளக்கு எரியும், இரவு உடையோடு ஆட்கள் வாளி தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சூரியன் ஏறிக் காற்று மாறினால் எல்லாம் கலைந்துவிடும்.

பதிவு 20 | நிலாமுற்றம்

வெளிச்சம் என்றால் இரண்டு சொல்கிறேன். புவேர்ட்டோ ரிக்கோவின் வியேகஸ் தீவில் கொசு விரிகுடா. தண்ணீரில் கையை விட்டால் விரல்களைச் சுற்றி நீல வெளிச்சம். நுண்ணுயிர்கள் தொந்தரவு செய்தால் ஒளிர்கின்றன. 2017இல் மரியா புயல் அடித்த பிறகு மாதக்கணக்கில் இருண்டு கிடந்து, பிறகு மீண்டது. ஜப்பானின் தொயாமா விரிகுடாவில் ஒளிர்வது ஒரு சின்னக் கணவாய். அங்கே கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே கடல் 1,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆழத்தில் வாழும் அந்தக் கணவாய்கள் வசந்த காலத்தில் முட்டையிட மேலே வரும்போது வலை முழுக்க நீலமாக மின்னும்.

பதிவு 21 | குறுக்குச்சால்

ஷார்க் விரிகுடா, மேற்கு ஆஸ்திரேலியா. 1699இல் ஆங்கிலேய மாலுமி டாம்பியர் சுறாக்களைப் பார்த்து வைத்த பெயர். அங்கே உண்மையான பெரிய உயிர் சுறா இல்லை, புல். 2022இல் மரபணுச் சோதனையில் தெரிந்தது: 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிய கடற்புல் மொத்தமும் ஒரே செடி. ஒரே விதையிலிருந்து வேர் ஓட்டி ஓட்டிப் பரவியது, வயது சுமார் 4,500 ஆண்டு.

அதே விரிகுடாவின் ஹாமலின் குளத்தில் நீர் சாதாரணக் கடலைப்போல இரண்டு மடங்கு உப்பு. மேய்ந்து தின்னும் உயிர்கள் அங்கே அதிகம் தங்காததால் நுண்ணுயிர்கள் படலம் படலமாகக் கட்டிய பாறைத் திட்டுகள் பிழைத்துக் கிடக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உலகம் எப்படி இருந்தது என்பதற்கு உயிருள்ள மாதிரி. வளர்ச்சி ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் கூட இல்லை. ஒரு காலத்தில் கம்பளி மூட்டை ஏற்றிய வண்டிகள் அதன் மேல் போயின. அந்தச் சக்கரத் தடம் இன்னும் மூடவில்லை.

பதிவு 22 | மீன்முள்

தண்ணீரே இல்லாத விரிகுடா சேர்த்தியா? நிலவில் "வானவில் விரிகுடா", "நடு விரிகுடா" என்றெல்லாம் உண்டு. நடு விரிகுடாவில் 1967 நவம்பரில் இறங்கிய சர்வேயர் 6 கலம், இயந்திரத்தை இரண்டரை நொடி ஓட்டி நான்கு மீட்டர் எழும்பி, இரண்டரை மீட்டர் தள்ளி மறுபடி இறங்கியது. நிலவிலிருந்து கிளம்பிய முதல் கலம் அதுதான். போன தூரம் ஒரு அறையின் அகலம்.

பதிவு 23 | வெறுங்கால் மாலுமி

வினாடி வினா நேற்று முடிந்தது. ஓதக்காரி சொன்ன தட்டுத் தண்ணீரை ஆட்டி என் சட்டையும் நனைந்தது, கைதட்டல் அதற்குத்தான் அதிகம். அரைவட்டக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஒரு குழு, நான் கொடுத்த வரைபடத்தில் இருந்த ஒரு விரிகுடா விரிகுடாவே இல்லை என்று சண்டைக்கு வந்தது. மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

வறுமை விரிகுடா கேள்வி முடிந்ததும் கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அங்கே முன்னாடியே ஆட்கள் இருந்தார்கள்தானே சார், அவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?" என்றாள். நல்ல வேளை, அது ஒன்று தெரியும்: தூரங்கானுயி ஆ கிவா. 2019இல் அந்தப் பெயரையும் அரசு அதிகாரபூர்வமாகச் சேர்த்துவிட்டது. உடனே "மற்றதுக்கெல்லாம்?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். உதவுங்கள்.

பதிவு 24 | நிலாமுற்றம்

பாட்டனி விரிகுடாவுக்குக் காமே. இப்போது அங்கே இருக்கும் தேசியப் பூங்காவின் பெயரில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

பதிவு 25 | குறுக்குச்சால்

குவானபாரா என்பதே அங்கிருந்த தூப்பி மக்களின் சொல்தான். ஊருக்குப் பெயர் மாறியது, தண்ணீருக்கு மாறவில்லை.

பதிவு 26 | பழைய அட்லஸ்

லிட்டுயாவும் அப்படித்தான். லா பெரூஸ் வைத்த "பிரெஞ்சுக்காரர் துறைமுகம்" நிலைக்கவில்லை, டிலிங்கிட் மக்களின் சொல் நிலைத்தது. பொருள் "முனைக்குள் இருக்கும் ஏரி". வரைபடத்தை விரித்துப் பாரும்: குறுகிய வாய், வாயில் ஒரு மணல் முனை, உள்ளே ஏரி போல நீர். அந்தச் சிறுமியிடம் வரைபடத்தை மட்டும் கொடுத்து, இந்தப் பெயர் எந்த விரிகுடாவுக்கு என்று கேளும்.

பதிவு 27 | வெறுங்கால் மாலுமி

இருபத்தோராவது கேள்வி. எழுதிக்கொண்டேன் ஐயா.